தகர டிக்கட்

மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து ஆசிரியராகி ஓய்வுபெற்ற என் நண்பர், சில ஆண்டுகளுக்கு முன்னர் கடித உறையொன்றில் வைத்து ஒரு தகட்டைக் கொண்டுவந்து தந்தார். பழைய லயத்தின் பின்புறம் மரக்கறிப் பாத்திக்காக மண்ணைக் கொத்தியபோது அகப்பட்டதாம். துருவேறிய சிறு வட்டத் தகரம், ஓரத்தில் ஒரு துளை, குத்தி அடிக்கப்பட்ட இலக்கங்கள். பெயரில்லை, ஆண்டுமில்லை. நாய்களுக்கு வழங்கப்பட்ட உரிமத் தகடாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகப் பின்னர் வெட்கப்பட்டேன்.

அது 'தகர டிக்கட்'. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய இலங்கை அரசாங்கம் நடைமுறைப்படுத்திய ஆட்சேர்ப்பு முறையின் எச்சம். தோட்டத்தின் பதிவிலக்கமும் ஆளுக்கான இலக்கமும் பொறித்த தகடுகளைத் தோட்டத்துரை கங்காணியிடம் கொடுத்தனுப்புவார். கங்காணி தமிழகக் கிராமங்களில் ஆள் பிடித்து ஒவ்வொருவருக்கும் ஒரு தகட்டைக் கொடுப்பார். அதாவது இலக்கம் முதலில் பிறந்தது. அதற்குரிய மனிதர் பின்னரே தேடப்பட்டார். தட்டப்பாறையிலும் பிற்காலத்தில் மண்டபத்திலும் இருந்த முகாம்களில் அதிகாரிகள் தகட்டைப் பார்த்தே இவர் எந்தத் தோட்டத்துக்குரியவர் என்று அறிந்தனர். பயணச் செலவை அரசாங்கம் முதலில் ஏற்று, தோட்டத்திடம் அறவிட்டது. தோட்டம் அதைத் தொழிலாளியின் கடனாக எழுதிக்கொண்டது. முதல் கொழுந்தைக் கிள்ளுமுன்னரே கடன்!

"இது யாருடையதென்று கண்டுபிடிக்கலாமா?" என்று நண்பர் கேட்டார். பதிவிலக்கத்தைக் கொண்டு தோட்டத்தை அறியலாம். அக்காலத்துச் செக்றோல் புத்தகம் எஞ்சியிருந்தாலன்றி ஆளை அறிவது அரிது என்றேன்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணமிருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் தொடர்ச்சியான வசிப்புக்குச் சான்று கேட்டது. அச்சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், பிரஜாவுரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்திற்கும் குறைவு. நண்பரின் தந்தையின் விண்ணப்பம் சான்று போதாதென்று நிராகரிக்கப்பட்டது. இந்நாட்டுக்குள் வந்தபோது பாட்டனின் கழுத்தில் அரசாங்கம் அறிந்த ஓர் இலக்கம் தொங்கியதே, அது சான்றாகாதா என்று தந்தை சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாராம். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நண்பரின் இரு அக்காமாரும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் இப்போது நீலகிரியில் இருக்கின்றனர்.

தகட்டை நூதனசாலைக்குக் கொடுக்கலாமே என்றேன். அடுத்த மாதம் கூடலூருக்குப் போகிறேன், முதலில் அக்காமாருக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி, அதை மறுபடி உறையிலிட்டுக்கொண்டார்.