கணையின் எடை

புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் வல்வில் ஓரியின் வேட்டையைப் பாடுகிறார். ஓரி எய்த ஒற்றைக் கணை யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை உருவிச்சென்று, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்து நிற்கிறது. புலவர் போற்றுவது வில்லாளியின் ஆற்றலை. அக்கணையின் கனம் என்ன என்று பாட்டு பேசவில்லை. வில்வேட்டையின் வரலாற்றிலோ இக்கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது.

ஒரே வில்லிலிருந்து எய்தால் இலேசான அம்பு விரைந்து செல்லும், அதிகம் தாழாது. எனவே தொலைவைக் கணிப்பதில் நேரும் சிறு பிழையை அது பொறுத்துக்கொள்ளும். கனத்த அம்பு மெதுவாகச் சென்று சீக்கிரம் தாழும். எய்பவன் இரையை நெருங்கியே ஆகவேண்டும். ஆயினும் வளைந்த வில்லில் தேங்கிய ஆற்றலில் பெரும்பங்கைப் பெறுவது கனத்த அம்புதான். இலேசான அம்பு பெறாத மிச்சம் வில்லின் அதிர்வாகவும் ஓசையாகவும் வீணாகிறது.

1969இல் அமெரிக்கரான ஹாலஸ் வில்பர் ஆலன், கப்பி பொருத்திய காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வேகமே பெருமையாயிற்று, அம்புகள் மெலிந்தன. இப்போக்கிற்கு எதிர்க்குரலாக அமைந்தவை எட் ஆஷ்பியின் ஆய்வுகள். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில், விலங்குடலில் அம்பு எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதை அவர் ஆராயத் தொடங்கினார். கனமான எலும்பைப் பிளக்க ஏறத்தாழ 650 கிரெய்ன் எடை வேண்டும் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. அது 42 கிராம். நம் பொற்கொல்லரின் குன்றிமணியைப் போலக் கிரெய்னும் ஒரு வித்தின் பெயரால் அமைந்த அளவையே. தானியமணி என்பது அதன் பொருள்.

அதே தென்னாப்பிரிக்க நிலப்பரப்பின் கலகாரி வெளியில் வாழும் சான் மக்களோ இதற்கு நேர்மாறான வழியைக் கண்டவர்கள். அவர்களுடைய வில் சிறியது. அம்பு மெல்லிய நாணல். அதற்கு இறகும் கிடையாது. முனையை அடுத்துப் பூசிய வண்டுப்புழுவின் நஞ்சே கொல்லும் வேலையைச் செய்கிறது. தோலைத் துளைத்தால் போதும். எடைக்கு அங்கே வேலையில்லை. ஆனால் பெரிய மான் விழ மணிக்கணக்காகும்; சிலவேளை நாள்கணக்கும் ஆகும். வேடர் அடிச்சுவடு பார்த்து அதன் பின்னே நடக்கவேண்டும்.

நஞ்சின்றி இலேசான அம்பைத் தொலைவிலிருந்து எய்பவனிடம் இவ்விரண்டும் இல்லை. எலும்பில் தடைப்பட்ட அம்போடு விலங்கு ஓடிவிடுகிறது. அதன் சாவு யாரும் காணாத புதரில் நீள்கிறது. கனத்த அம்பை ஏற்பவன் நெருங்கிச் செல்லும் சிரமத்தைத் தான் சுமக்கிறான். சான் வேடன் பின்தொடரும் சிரமத்தைச் சுமக்கிறான். இருவரும் தவிர்க்கும் சுமை எதுவோ, அதை விலங்கு சுமக்கிறது. அம்பின் எடையைத் தேர்வது அந்தப் பங்கீட்டைத் தேர்வதுமாகும்.