ஈகிள்: ஒரு பெயர் வந்த வழி

ஆங்கிலத்தில் கழுகைக் குறிக்கும் ஈகிள் என்ற சொல் அந்த மொழியில் பிறந்தது அன்று. இலத்தீன் ‘அக்விலா’ பழைய பிரெஞ்சில் உருமாறி, நார்மன் ஆட்சிக்குப் பின் இங்கிலாந்துக்கு வந்து, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சொல்லாக வேரூன்றியது. அந்த நூற்றாண்டின் கவிஞர் சாசர், கவிஞனைக் காலில் பற்றி வானுக்குத் தூக்கிச் செல்லும் பொன்னிறக் கழுகு ஒன்றைப் படைத்தபோது அதற்கு இந்தப் பெயரையே இட்டார். இலத்தீனில் கருநிறத்தைச் சுட்டும் ‘அக்விலுஸ்’ என்னும் சொல்லும் உண்டு. நிறத்தால் பறவை பெயர் பெற்றதா, பறவையால் நிறம் பெயர் பெற்றதா என்பது மொழியறிஞரிடையே இன்னும் முடியாத வழக்கு.

ஈகிள் வருமுன் ஆங்கிலேயர் கழுகை ‘எயர்ன்’ என்றார்கள். இது மிகத் தொன்மையான குடும்பத்துச் சொல். ஜெர்மனில் ‘ஆர்’, சுவீடியத்தில் ‘ஓர்ன்’, ரஷ்யனில் ‘அர்யோல்’ என இன்றும் அதன் உறவுகள் வாழ்கின்றன. பறவையைக் குறிக்கும் கிரேக்க ‘ஓர்னிஸ்’ கூட அதே வேரினதே. 937இல் நடந்த புருனன்பர் போரைப் பாடிய பழைய ஆங்கிலப் பாட்டில், பிணம் தின்னக் காத்திருக்கும் காக்கையோடும் ஓநாயோடும் இந்த எயர்ன் வருகிறது. அதன் பின்புறம் வெள்ளை என்று பாடியவன் குறித்திருக்கிறான்; வெண்வால் கடற்கழுகு என்று நாம் இன்று இனம் கண்டுகொள்ளலாம். பறவையைக் கண்ணால் கண்டவர்கள் வைத்திருந்த பெயர் இது. அரண்மனை மொழியின் சொல் அதைப் புறந்தள்ளியது ஓர் இழப்பு என்றே சொல்ல வேண்டும். யார்க்ஷயரின் ஆர்ன்கிளிஃப், அதாவது கழுகுப்பாறை, போன்ற ஊர்ப்பெயர்களிலும், கடற்கழுகைச் சுட்டும் ‘எர்ன்’ என்ற அரிய வழக்கிலும் பழைய சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடற்கழுகே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் அற்றுப்போனது. 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ஸ்காட்லாந்தின் ரம் தீவில் விட்டு மீட்டெடுத்தார்கள்.

அக்விலாவுக்கு அதிகாரத்தின் பொருள் ஏறியது ரோமப் படையில். முன்பு கழுகு, ஓநாய், குதிரை, காட்டுப்பன்றி, காளைத்தலை மனிதன் என ஐந்து சின்னங்கள் படைக்கு முன் சென்றன. கி.மு. 104இல் தளபதி மாரியுஸ் கழுகை மட்டும் லீஜியன் என்னும் படைப்பிரிவின் சின்னமாக்கினார் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. அதன்பின் ‘அக்விலா’ என்றால் பறவை மட்டுமன்று, படையின் மானமும்கூட. கி.மு. 53இல் கார்ரே போரில் பார்த்தியரிடம் பறிகொடுத்த கழுகுகளை கி.மு. 20இல் பேரரசர் அகஸ்டஸ் பேசித் திரும்பப் பெற்று, போரில் வென்றதைப் போலவே கொண்டாடினார். கி.பி. 9இல் டியூட்டோபர்க் காட்டில் மூன்று லீஜியன்கள் அழிந்தன. அங்கே போன கழுகுகள் எல்லாம் மீள முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பைசாந்தியமும் புனித ரோமப் பேரரசும் ரஷ்யாவும் இரட்டைத்தலைக் கழுகைத் தாங்கியதும், 1804இல் நெப்போலியன் தன் படைகளுக்குக் கழுகுச் சின்னம் வழங்கியதும் இந்த ரோம நினைவின் தொடர்ச்சியே.

அமெரிக்கா 1782இல் தன் அரசு முத்திரையில் வெண்தலைக் கழுகைப் பொறித்தது. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘பால்ட்’ என்ற அடைக்கு இங்கே வழுக்கை என்று பொருளில்லை. வெண்மை என்ற பழம்பொருள்தான் பொருந்தும். 1792ஆம் ஆண்டு நாணயச் சட்டம் பத்து டாலர் பொற்காசுக்கே ஈகிள் என்று பெயரிட்டது. அரை ஈகிள், கால் ஈகிள் காசுகளும் இருந்தன. வெண்தலைக் கழுகு சட்டப்படி தேசியப் பறவையானது 2024 டிசம்பரில்தான். 1969இல் மனிதரை முதன்முதலாக நிலவில் இறக்கிய கலத்துக்கும் ஈகிள் என்றே பெயர். கோல்ஃப் ஆட்டத்தில் நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவாக முடித்தால் பர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள்: சிறு பறவைக்கு மேல் பெரும் பறவை என்ற கணக்கு.

மொழிபெயர்ப்பில் இச்சொல் பெரிய குழப்பத்தையும் விளைத்தது. எபிரேய ‘நெஷர்’ பல இடங்களில் பிணந்தின்னிப் பறவையையே குறிக்கிறது. கிரேக்க, இலத்தீன் பெயர்ப்புகளின் வழியே 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம் அதை ஈகிள் ஆக்கியது. மீகா நூலில் நெஷர் மொட்டைத்தலைக்கு உவமையாகிறது. ஈகிளுக்கோ தலை நிறைய இறகு. தமிழ் விவிலியத்துக்கு இந்தச் சிக்கல் எழவில்லை, ஏனென்றால் நம் ‘கழுகு’ இரண்டுக்கும் பொது. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்து உணவுண்டு புகழ்பெற்றவை பிணந்தின்னி இனத்தைச் சேர்ந்த பறவைகளே. இன்றைய தமிழ்ப் பறவை நூல்கள் அவ்வினத்துக்குப் ‘பாறு’ என்ற சங்கச் சொல்லை மீட்டெடுத்து, கழுகு என்ற பெயரை வேட்டையாடும் பறவைக்கு ஒதுக்கி வருகின்றன.