ஒலியும் ஒளியும் ஒன்றான கதை



ஜாசின் வட்டாரத் தோட்டப் பள்ளியொன்றில் பணியாற்றிய காலத்தில், வளமையத்து நூல்களைக் கணினியில் பதியும் பொறுப்பு எனக்கு வந்தது. அதுவரை தடித்த பதிவேட்டில் கையால் எழுதி வந்தோம். பட்டைக்குறியெல்லாம் ஒட்டினோம், ஆனால், மென்பொருள் தமிழெழுத்தை ஏற்கவில்லை. தலைப்புகளை உரோமன் எழுத்தில் தட்டினேன். 'ஒளி' தேடிய மாணவிக்கு ஒலியைப் பற்றிய நூல் வந்து நின்றது. லகர ளகர ழகர வேறுபாட்டை அன்றாடம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிட வெட்கம் வேறென்ன!

இக்குறை எங்கள் பள்ளியில் பிறந்ததன்று. 1960களில் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் என்ரியட் ஆவ்ரம் அம்மையார் 'மார்க்' என்னும் பதிவுமுறையை வகுத்தார். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண்: 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் தலைப்பு. ஒரு நூலகம் பட்டியலிட்டதை மற்றொன்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நூலகத் தானியக்கம் பெரும்பாலும் இதன்மேல்தான் எழுந்தது. அருமையான ஏற்பாடுதான். ஆயினும், அதன் பழைய எழுத்துத் தொகுதியில் அரபும் சீனமும் எபிரேயமும் இடம்பெற்றன, தமிழ் இடம்பெறவில்லை. ஆகவே, நம் நூல்கள் உரோமன் உடை உடுத்தன. 'எல்' எழுத்தின்கீழ்ப் புள்ளியிட்டால் ளகரம், கோடிட்டால் ழகரம். நூலகர் கருத்தாகத்தான் இட்டார். தேடும் கணினி அக்குறிகளைப் பொருட்படுத்தாவிடில் மூன்றும் ஒன்றே. விசைப்பலகையில் எவர்தாம் புள்ளியைத் தேடிப் பிடித்து இடுவார்?

கணினி வருமுன்பே நம் நாட்டில் ஒருவர் இப்பணியில் இறங்கியிருந்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் திரட்டி, இராம சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' என்னும் பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்டது. எந்தக் கணினிக்கும் முதலில் வேண்டியது இத்தகைய பட்டியலே.

1991இல் யுனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. மார்க் பதிவிலும் தாய்மொழி எழுத்துக்கு 880 என்னும் எண் உண்டு. வழி திறந்துதான் இருக்கிறது. பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தத்தான் ஆள் வேண்டும். சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியமும் தமிழ்ச் சமூகமும் கைகோத்து, 1965 முதல் வெளியான ஏறத்தாழ 350 இலக்கிய நூல்களை 2015இல் மின்வடிவமாக்கின. நம் தோட்டங்களிலோ மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது ஆண்டிதழ்களும் கோயில் மலர்களும் பழைய தாளோடு போயின.

எங்கள் பள்ளிப் பதிவேட்டை மட்டும் நான் எறியவிடவில்லை. அதில் தலைப்புகள் தமிழிலேயே உள்ளன. சென்ற பள்ளி விடுமுறையில் முன்னாள் மாணவர் இருவரோடு அமர்ந்து, யுனிகோடில் தட்டத் தொடங்கினோம். அம்மாணவி கேட்ட நூல் நான்காம் பக்கத்தில் இருந்தது.