புல்லட்டும் புளியும்

கோபாலபுரத்துல தங்கச்சி வீட்டு மாடிப்படிக்குக் கீழே அவ மாமனாரோட பழைய புல்லட் துருப்பிடிச்சு நிக்குது. "காஸ்டிக் சோடாவுல எல்லாத்தையும் ஊறப்போட்டுரலாம் மாமா"ன்னான் மருமகன். பதறிட்டேன்.

1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. முதல்ல அங்கிருந்து வந்த பாகங்களைக் கோத்தாங்க. பிறகு திருவொற்றியூர்லயே தயாரிச்சாங்க. அந்த வண்டிக்கு சட்டமும் டேங்கும் இரும்பு, எஞ்சின் கூடு அலுமினியம். காஸ்டிக் சோடா இரும்பு மேல இருக்கிற பெயிண்டை உரிக்கும், அலுமினியத்தையே அரிச்சுடும்.

துருவுக்குக் குத்துவிளக்கு தேய்க்கிற புளியே போதும். வண்டி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம பாட்டிமார் கண்ட வழி. புளியில இருக்கிற டார்டாரிக் அமிலம் துருவையும் கரைக்கும். கெட்டியா கரைச்சு, சின்ன இரும்புச் சாமான்களை ஒரு ராத்திரி ஊறவெச்சு, கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவணும். உடனே துடைச்சு எண்ணெய் பூசலேன்னா மறுபடி துரு ஏறிடும்.

பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். நம்ம நாட்டுல வீட்டு பெயிண்டுக்கே 90 பிபிஎம் வரம்பு 2017லதான் அமலுக்கு வந்தது. அதனால வாட்டர் பேப்பரைத் தண்ணி தொட்டே தேய்க்கணும், தூசி பறக்கக்கூடாது.

மருமகனுக்குக் கூட்டுல அடிச்சிருந்த எஞ்சின் நம்பரைக் காட்டினேன். புதுப்பேட்டையில வேற கூடு கிடைக்கும். ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற தாத்தாவோட நம்பர் கிடைக்காது.