மேலிருந்து கீழாக வளர்ந்த ஏணி: கூடைப்பந்து உலகக் கோப்பையில் நாக்-அவுட் சுற்றுகளின் வரலாறு (1950–2023)

கூடைப்பந்து உலகக் கோப்பைக்கு முதல் ஏழு தொடர்களில் இறுதிப்போட்டியே கிடையாது. 1950 முதல் 1974 வரை, கடைசிச் சுற்றுக்கு வந்த அணிகள் ஒன்றோடொன்று மோதின. பட்டியலில் முதலிடம் பிடித்த அணி கோப்பையைக் கொண்டுபோனது. காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று இன்று நாம் பழகிப்போன வரிசை மேலிருந்து கீழாக, படிப்படியாக வளர்ந்தது. 1978இல் இறுதிப்போட்டி வந்தது, 1986இல் அரையிறுதி, 1998இல் காலிறுதி, 2006இல் பதினாறு அணிகளின் சுற்று. 2019இல் அந்தக் கடைசிப் படி மட்டும் கழற்றப்பட்டது.

முதல் இரண்டு படிகள் லீக் முறையின் ஓட்டைகளை அடைக்க வந்தவை. காலிறுதி, லீக்கில் சறுக்கிய அணிக்கு மறுவாழ்வு தர வந்தது. பதினாறு அணிகளின் சுற்றோ அணிகளின் எண்ணிக்கை கூடியதால் ஒட்டிக்கொண்ட ஒன்று, அதனால்தான் நிலைக்கவில்லை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

நாக்-அவுட் முறை தெரியாமல் லீக்கைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா 1932இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்டது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து அறிமுகமானபோதே இறுதிப்போட்டி இருந்தது. திறந்தவெளி மண் தளம், கொட்டும் மழை, சேற்றில் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா கனடாவை 19–8 என்று வென்றது. 1948 லண்டனிலும் இறுதிப்போட்டி உண்டு. ஒலிம்பிக்கில் கையாண்ட முறையைத் தன் சொந்தத் தொடரில் ஃபீபா ஏன் விட்டது? தொலைதூரக் கண்டத்துக்குக் கப்பலிலும் விமானத்திலும் வரும் அணிகளை ஓரிரு ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்புவது போட்டி நடத்துபவர்களுக்கு நட்டம் என்பது என் ஊகம்.

1950இன் அமைப்பு இன்றைக்கு நேர் எதிர். அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில், லூனா பார்க் என்னும் குத்துச்சண்டை அரங்கில் பத்து அணிகள் கூடின. தொடக்கத்தில்தான் வெளியேற்றம், தோற்றவர்களுக்கு மறுவாய்ப்புச் சுற்று உண்டு. அதில் தப்பிய ஆறு அணிகள் கடைசியில் லீக் ஆடின. நவம்பர் 3 அன்று நடந்த கடைசி ஆட்டத்துக்கு அர்ஜென்டினாவும் அமெரிக்காவும் தோல்வியின்றி வந்து சேர்ந்தது தற்செயல். அர்ஜென்டினா 64–50 என்று வென்றது. மக்கள் செய்தித்தாள்களைச் சுருட்டித் தீ வைத்து, பந்தம் பிடித்து கொரியன்டெஸ் சாலையில் ஊர்வலம் போனார்கள். முதல் தொடரிலேயே இப்படி வாய்த்துவிட்டதால் இறுதிப்போட்டியின் தேவை யாருக்கும் உறைக்கவில்லை போலும்.

1959இல் சிலியில் நடந்த தொடரை லீக் முறையின் தோல்விக்குச் சான்றாகக் காட்டுவது எளிது. அமெரிக்காவை 62–37 என்று நொறுக்கிய சோவியத் ஒன்றியம், தைவானோடு ஆட மறுத்தது, பல்கேரியாவும் மறுத்தது. தண்டனையாக இரண்டும் பட்டியலின் அடிக்குத் தள்ளப்பட, பிரேசில் சாம்பியன் ஆனது. ஆனால் இது அரசியல் செய்த வேலை. அரையிறுதியில் ஆட மறுத்திருந்தாலும் சோவியத்துக்கு அதே கதிதான் நேர்ந்திருக்கும்.

உண்மையான ஓட்டைகள் இரண்டு. முதலாவது, உயிரற்ற கடைசி நாள். 1970இல் லுப்லியானாவில் யூகோஸ்லாவியா அமெரிக்காவை 70–63 என்று வென்றதுமே கோப்பை கைக்கு வந்துவிட்டது. மீதமிருந்த ஆட்டத்தில் சோவியத்திடம் தோற்றும் அது சாம்பியன்தான். தோற்ற மறுநொடியில் கோப்பை தூக்கும் காட்சியை எந்த விளையாட்டும் விரும்பாது.

இரண்டாவது ஓட்டை 1974இல், புவேர்ட்டோ ரிக்கோவில் வெளிப்பட்டது. சோவியத், யூகோஸ்லாவியா, அமெரிக்கா மூன்றுமே ஆறு வெற்றி, ஒரு தோல்வி. அமெரிக்கா யூகோஸ்லாவியாவை 91–88 என்று வென்றது. யூகோஸ்லாவியா சோவியத்தை 82–79 என்று வென்றது. சோவியத் அமெரிக்காவை 105–94 என்று வென்றது. மூவரும் ஒருவரையொருவர் வீழ்த்திய இந்த வட்டத்தில் சோவியத்துக்குப் புள்ளி வித்தியாசம் கூட்டல் 8, யூகோஸ்லாவியாவுக்குச் சுழியம், அமெரிக்காவுக்குக் கழித்தல் 8. தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் கணக்குப் புத்தகமே பங்கிட்டது. கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் பார்த்து நகம் கடித்த நம் வாசகர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். ஆனால் அங்கே அது அரையிறுதிக்குள் நுழையும் கணக்கு, இங்கே உலகப் பட்டமே அந்தக் கணக்கில் போனது.

அடுத்த தொடரிலேயே மாற்றம் வந்தது. 1978, மனிலா. எட்டு அணி லீக்கில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களுக்கு இறுதிப்போட்டி. அடுத்த இருவருக்கு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். பழைய வழக்கங்கள் முழுதும் ஒழியவில்லை: போட்டியை நடத்திய பிலிப்பைன்சும் நடப்பு சாம்பியன் சோவியத்தும் முதல் சுற்றை ஆடாமலே நேராக இந்த லீக்கில் உட்கார்ந்தன. பிலிப்பைன்ஸ் எட்டாம் இடத்தில் முடித்தது. யூகோஸ்லாவியா ஒரு தோல்வியும் இல்லாமல் லீக்கை முடித்திருந்தது. பழைய விதிப்படி அன்றே சாம்பியன். புதிய விதி அதை மறுபடி ஆடச் சொன்னது. கூடுதல் நேரம் வரை போய் சோவியத்தை 82–81 என்று ஒரே புள்ளியில் வென்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டமும் ஒரு புள்ளிதான்: பிரேசில் 86, இத்தாலி 85. 1982இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த இறுதிப்போட்டியில் சோவியத் அமெரிக்காவை 95–94 என்று வென்றது. அமெரிக்காவின் டாக் ரிவர்ஸ் கடைசி நொடியில் எறிந்த பந்து கூடையில் விழவில்லை. இரண்டு இறுதிப்போட்டி, இரண்டிலும் ஒரு புள்ளி வித்தியாசம். அதற்குப் பிறகு யாரும் லீக்குக்குத் திரும்பலாம் என்று பேசியிருக்க வழியில்லை.

1986இல் ஸ்பெயினில் 24 அணிகள். இரண்டாம் சுற்றில் ஆறு ஆறாக இரண்டு குழு. வெவ்வேறு குழுவில் ஆடிய அணிகளை ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிட முடியாது. அரையிறுதி தவிர்க்க முடியாததாயிற்று. இதே தொடரில் இன்னொன்றும் நுழைந்தது. 1984இல் ஃபீபா ஏற்றுக்கொண்ட மூன்று புள்ளிக் கோடு உலகத் தொடரில் முதன்முதலாக வரையப்பட்டது அப்போதுதான். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மாட்ரிட் அரையிறுதியில் யூகோஸ்லாவியா அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே பாக்கி. யூகோஸ்லாவியா 85, சோவியத் 76. டிராஜென் பெட்ரோவிச் போன்ற நட்சத்திர வீரர் இருக்கும் அணி, ஒன்பது புள்ளி முன்னிலை. இரண்டு புள்ளி எறி மட்டுமே இருந்த காலத்தில் இது முடிந்துபோன ஆட்டம். சோவியத்தின் சபோனிஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார், 79. பந்து மறுபடி சோவியத் கைக்கு வந்தது. திகோனென்கோ எறிந்தார், 82. இப்போது யூகோஸ்லாவியா செய்ய வேண்டியது ஒன்றுதான், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவது. பந்து 18 வயது விளாடே திவாட்ஸிடம் போனது. தட்டி நிறுத்திய பந்தை அவர் மீண்டும் தட்டினார். ‘டபுள் டிரிபிள்’ என்ற விதிமீறல்; நடுவர் விசில் ஊத, பந்து சோவியத்துக்குப் போனது. வால்டர்ஸ் எறிந்த மூன்றாவது நெடுந்தூரப் பந்தும் உள்ளே போக 85–85. கூடுதல் நேரத்தில் சோவியத் 91–90 என்று வென்றது. லீக் ஆட்டமாக இருந்திருந்தால் இது ஒரு தோல்வி மட்டுமே, அடுத்த நாள் ஈடுகட்டலாம். அரையிறுதி என்பதால் ஒரு தலைமுறை வீரர்களின் தங்கக் கனவு நான்கு ஆண்டு தள்ளிப்போனது. 1990இல் புவனோஸ் ஐரிஸில் அதே சோவியத்தை 92–75 என்று இறுதிப்போட்டியில் வீழ்த்தித்தான் அவர்கள் கணக்கைத் தீர்த்தார்கள்.

1990, 1994 தொடர்களில் 16 அணிகள்; இரண்டு குழுச் சுற்றுகளுக்குப் பின் அரையிறுதி. 1998 ஏதென்ஸில் காலிறுதி சேர்ந்தது. இதன் விளைவை 2002 இந்தியானாபொலிஸில் பார்க்கலாம். அமெரிக்கா குழுச் சுற்றில் அர்ஜென்டினாவிடம் 87–80 என்று தோற்றது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் வீரர்களைக் கொண்ட அமெரிக்க அணி சர்வதேச ஆட்டத்தில் கண்ட முதல் தோல்வி. உலகமே அதிர்ந்தது, ஆனால் அந்தத் தோல்வி அவர்களை வெளியேற்றவில்லை. வெளியேற்றியது காலிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் கண்ட 81–78. குழு ஆட்டங்களில் தடுமாறிய யூகோஸ்லாவியாவோ, இறுதியில் அர்ஜென்டினாவைக் கூடுதல் நேரத்தில் 84–77 என்று வென்று சாம்பியன் ஆனது. காலிறுதியின் இரட்டைக் குணம் இது: குழுவில் செய்த தப்பை மன்னிக்கும், தன் முன்னால் செய்யும் தப்பை மன்னிக்காது.

மன்னிப்பு அளவு மீறினால் என்ன ஆகும்? 2006இல் மீண்டும் 24 அணிகள். ஆறு அணிக் குழுவில் நால்வருக்குப் பதினாறு அணிகளின் சுற்றில் இடம். ஆறில் இருவர் மட்டுமே வெளியேறும் குழுச் சுற்றுக்கு என்ன மதிப்பு? 2014 ஸ்பெயினில் இதற்கு விடை கிடைத்தது. கிரனாடாவில் நடந்த குழுவில் ஸ்பெயின் ஐந்து ஆட்டமும் வென்றது. பிரான்ஸை 88–64 என்று துவைத்தது. செர்பியா இரண்டு வெற்றி, மூன்று தோல்வியோடு நான்காம் இடம். நாக்-அவுட்டில் எல்லாம் தலைகீழானது. குழுவில் தன்னை வென்ற பிரேசிலை செர்பியா காலிறுதியில் 84–56 என்று வென்று இறுதிவரை போனது. ஸ்பெயினோ மாட்ரிட் ரசிகர்கள் முன்னிலையில் அதே பிரான்ஸிடம் 65–52 என்று தோற்றது. 22 மூன்று புள்ளி எறிகளில் இரண்டே விழுந்தன. பரபரப்பு என்ற வகையில் பழுதில்லை. ஆனால் ஐந்து ஆட்டங்களின் உழைப்பு ஒரு மாலையில் மதிப்பிழந்தது. மூன்று தோல்வி கண்ட அணி இறுதிப்போட்டியில் நின்றதை நான் செர்பியாவின் சாதனையாகவும், போட்டி அமைப்பின் தவறாகவும் ஒருசேரப் பார்க்கிறேன்.

2019இல் சீனாவில் 32 அணிகள் ஆடியபோது வழக்கம்போல இன்னொரு படி கூடியிருக்க வேண்டும். நடந்தது எதிர்மாறு. பதினாறு அணிகளின் சுற்று நீக்கப்பட்டு, முதல் சுற்று முடிவுகளைச் சுமந்துவரும் இரண்டாம் குழுச் சுற்று வந்தது. நான்கு அணிக் குழுவில் இருவர் மட்டுமே மேலே போகலாம். அதன் பிறகே காலிறுதி. முதல் நாள் தோல்வியும் இரண்டாம் சுற்றுவரை கூடவே வரும். லீக் முறையின் நியாயமும் நாக்-அவுட்டின் கூர்மையும் ஓரளவு ஒத்துப்போகும் அமைப்பு இதுவே என்பது என் மதிப்பீடு. பரபரப்பும் குறையவில்லை. டாங்குவானில் அமெரிக்கா பிரான்ஸிடம் 89–79 என்று காலிறுதியில் வீழ்ந்து ஏழாம் இடத்தில் முடித்தது. ஸ்பெயின் ஆஸ்திரேலியாவை இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின் 95–88 என்று வென்று, பிறகு கோப்பையும் வென்றது.

2023இல் மனிலாவுக்கு நாக்-அவுட் திரும்பியது. முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்த லாட்வியா, காலிறுதியில் ஜெர்மனியை ஏறக்குறைய வீழ்த்திவிட்டது. ஜெர்மனியின் டென்னிஸ் ஷ்ரோடர் 26 எறிகளில் நான்கை மட்டுமே கூடையில் போட்டார். கடைசி நொடியில் லாட்வியாவின் டேவிஸ் பெர்டான்ஸ் எறிந்த பந்து விழுந்திருந்தால் ஜெர்மனி அன்றே வெளியேறியிருக்கும், விழவில்லை, 81–79. அரையிறுதியில் அமெரிக்காவை 113–111, இறுதியில் செர்பியாவை 83–77 என்று வென்ற ஜெர்மனி எட்டு ஆட்டங்களிலும் தோற்கவில்லை. தொடரின் சிறந்த வீரர் விருது அதே ஷ்ரோடருக்குப் போனது. பழைய லீக் முறையில் வைத்துப் பார்த்தாலும் இந்தச் சாம்பியனை யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்த உலகக் கோப்பை 2027இல் கத்தாரில், அதே 32 அணிகளோடு நடக்கவிருக்கிறது.