குடிலன் (மனோன்மணீயம்): பேராசையும் குற்றவுணர்வும்

குடிலன், பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) இயற்றி 1891-இல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’ என்னும் செய்யுள் நாடகத்தில் வரும் பாண்டிய நாட்டு அமைச்சன். ‘குடிலம்’ என்றால் வளைவு, கோணல். ஆள் யாரென்பதைப் பெயரிலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார். மன்னன் சீவகனின் நம்பிக்கையைக் கைக்குள் போட்டுக்கொண்டு, அவன் மகள் மனோன்மணியைத் தன் மகன் பலதேவனுக்குக் கட்டிவைத்து, அந்த வழியே அரியணையைத் தன் குடும்பத்துக்குக் கொண்டுவருவதே அவன் திட்டம். தனிமொழிகளில் இவ்வளவு தாராளமாக மனத்தைத் திறந்து காட்டும் கெட்டவன் தமிழ் நாடகத்தில் அரிது. திறந்த அந்த மனத்தில் ஆசை நிறைய இருக்கிறது, கணக்கும் நிறைய இருக்கிறது. செய்ததை எண்ணி வருந்தும் இடம் மட்டும் இல்லை. இது பாத்திரப் படைப்பின் குறை என்று சொல்வது எளிது. ஆனால் அந்த வருத்தம் நாடகத்திலிருந்து காணாமற்போகவில்லை; வேறொருவன் பக்கம் மடைமாற்றப்பட்டிருக்கிறது. அந்த மாற்றத்துக்குத் தமிழ்க் காப்பிய மரபிலும் சைவ சித்தாந்தத்திலும் வேர் உண்டு என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாசிப்பு.

ஆலப்புழையில் பிறந்த சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். தமக்குத் தத்துவம் கற்பித்த ஹார்விக்கே இந்நூலைக் காணிக்கையாக்கினார். கதையின் கரு, லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ‘இரகசிய வழி’ என்ற கதைப்பாட்டிலிருந்து எடுத்தது. ஐந்து அங்கம், இருபது களம், பெரும்பகுதி அகவல். மேடையைவிடப் படிப்பவரையே மனத்தில் வைத்து எழுதியது. இதன் பாயிரத்திலுள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதிதான் 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கிறது. அந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்பவர்களில் எத்தனை பேர் நாடகத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்று கேட்காமலிருப்பதே மரியாதை. கதை இப்படிப் போகிறது: குடிலன் பேச்சைக் கேட்டுச் சீவகன் தலைநகரை மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றிப் புதுக்கோட்டை கட்டுகிறான். குலகுரு சுந்தர முனிவர், மனோன்மணியைச் சேர மன்னன் புருடோத்தமனுக்குக் கொடுக்கலாம் என்கிறார். தூதுக்கு நடராசன் என்பவனை அனுப்பச் சொல்கிறார். குடிலன் குறுக்கே புகுந்து தன் மகன் பலதேவனைத் தூது அனுப்புகிறான். கல்யாணம் பேசப் போனவன் நாஞ்சில் நாட்டு வழக்கைக் கிளறிப் போரைக் கொண்டுவந்து சேர்க்கிறான்.

வழக்குக்குரிய அந்த நாஞ்சில் நாடு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் பகுதி. சேரனும் பாண்டியனும் சண்டையிட ஏற்ற நெல்வயல்தான். ஆனால் நூல் வெளிவந்தபோது அந்த வயல்களுக்கு மேலே பேச்சிப்பாறை அணை இல்லை. கோதையாற்றின் குறுக்கே அதன் வேலை மூலம் திருநாள் ஆட்சியில், மிஞ்சின் என்ற பொறியாளரின் பொறுப்பில் 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. சுந்தரம் பிள்ளை மறைந்ததும் அதே 1897-இல்தான், ஏப்ரல் மாதம். இன்று பேச்சிப்பாறைத் தண்ணீரும் பெருஞ்சாணித் தண்ணீரும் புத்தன் அணையில் சேர்ந்து, சானல் சானலாகப் பிரிந்து கீழே போகின்றன. ஜூனில் திறந்தால் கன்னிப்பூ நெல் சாகுபடி, அது அறுத்த பிறகு கும்பப்பூ. இந்தச் சானல்களின் கடைமடையில் வயல் வைத்திருப்பவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: மடை திறக்கும் இடம் ஒன்று, வெள்ளம் நிற்கும் இடம் இன்னொன்று. குடிலனின் சூழ்ச்சியும் அப்படித்தான் பாய்கிறது. அவனுக்கு நாஞ்சில் நாடு வேண்டாம்; கல்யாணப் பேச்சு முறிந்தால் போதும். பாண்டியரின் பழைய உரிமை என்பது அவன் கையில் கிடைத்த ஒரு மண்வெட்டி, அவ்வளவுதான். கல்வெட்டுகளைப் படித்துத் திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றி 1894-இல் ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் இந்த ஆசிரியர். ‘பழைய உரிமை’ என்ற சொல்லைக் கெட்டிக்காரன் ஒருவன் எப்படியெல்லாம் வளைக்க முடியும் என்பதை அவர் அறியாமல் எழுதியிருக்க வாய்ப்பில்லை.

பேராசையையும் குற்றவுணர்வையும் ஒருசேரச் சொன்ன நாடகம் என்றதும் நினைவுக்கு வருவது ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’. அங்கே ஆசைப்பட்டவனும் அவனே, கொன்றவனும் அவனே, தூக்கம் தொலைத்தவனும் அவனே. விருந்தில் அவன் நாற்காலியில் வந்து உட்காரும் பாங்க்வோவின் ஆவி அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவினால் தீர்ந்தது என்று நினைத்த அவன் மனைவி, பிறகு தூக்கத்தில் நடந்துகொண்டே கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். ஆசையும் அதன் தண்டனையும் ஒரே மண்டைக்குள் குடியிருப்பதுதான் அந்த நாடகத்தின் பொறி. குடிலனிடம் இதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அவனுக்கும் அச்சம் உண்டு. அது அகப்பட்டுக்கொள்வோமோ என்ற அச்சம். போர்க்களத்தில் பலதேவனை ஒரு படைவீரன் குத்திவிடுகிறான், தன் தங்கைக்கு அவன் இழைத்த கேட்டுக்குப் பழியாக. மாக்பெத்தைப் போன்ற ஒருவனுக்கு அந்த இடமே போதும். பெற்ற பிள்ளையின் காயத்தில் தன் குற்றத்தின் நிழலைப் பார்த்திருப்பான். குடிலனோ அந்தக் காயத்தையே துருப்பாக்கி, நேர்மையாளனான நாராயணன் மீது சதிக்குற்றம் சுமத்துகிறான். மன்னனைக் காப்பாற்றக் கோட்டைக் காவலை விட்டு ஓடியவன் நாராயணன். அந்த ஓட்டத்தையும் குடிலன் துரோகமாக்கிக் காட்டுகிறான். இப்படி எது நடந்தாலும் அதைக் காசாக்குபவனிடம் வருத்தம் எங்கே தங்கும்?

குடிலனை மாக்பெத்தோடு ஒப்பிடுவதே தவறு, அவன் இயாகோவின் இனம் என்று ஒருவர் மறுக்கலாம். நம்பினவனின் காதில் நஞ்சை ஊற்றுவதும், நல்லவனைக் கெட்டவனாகக் காட்டுவதும் இயாகோவின் வேலைதான், அவனும் வருந்துவதில்லை. இந்த ஒப்புமை செயல்முறையில் சரி, நோக்கத்தில் இல்லை. ஒத்தெல்லோவை ஏன் அழிக்கிறான் என்பதற்கு இயாகோ சொல்லும் காரணங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கடைசியில் வாயை மூடிக்கொண்டும் விடுகிறான். குடிலனின் நோக்கத்தில் அந்தப் புதிர் இல்லை. அவனுக்குச் சிம்மாசனம் வேண்டும், பிள்ளைக்கு வேண்டும், கொடுப்பவன் பகைவனாக இருந்தாலும் வேண்டும். கோட்டையிலிருந்து இரகசியச் சுரங்கம் ஒன்று இருப்பது தெரிந்ததும் எதிரிப் பாசறைக்கே போய், வழிகாட்டுகிறேன், பதிலுக்கு அரசு தா என்று பேரம் பேசுகிறானே, அது வெறும் வன்மம் அல்ல. அளந்து பார்க்கக்கூடிய ஆசை. மாக்பெத்தின் ஆசையை வைத்துக்கொண்டு இயாகோவின் வழியில் நடப்பவன் என்று சொன்னால் பொருந்தும். அளக்கக்கூடிய ஆசைக்கு விலையும் உண்டு என்பதால்தான், அந்த விலையை யார் கொடுத்தது என்ற கேள்வி எழுகிறது.

கொடுத்தவன் சீவகன். தோல்வி நேர்ந்ததும் உயிரை விடத் துணிகிறான். நாராயணன் தடுத்துக் காப்பாற்றுகிறான். காப்பாற்றியவனையே குடிலன் சொல்கேட்டுத் தண்டிக்க முனைகிறான். பிறகு, முனிவர் தம் சீடர்களோடு தோண்டிவைத்த அந்த இரகசியச் சுரங்கத்தின் வழியே மகளை அனுப்பிவிடலாம் என்ற நிலையில், அதற்கு முன் நள்ளிரவில் அவசர அவசரமாக அவளைப் பலதேவனுக்கு மணமுடிக்க ஒப்புக்கொள்கிறான். கனவில் கண்ட ஒருவனை நெஞ்சில் வைத்திருக்கும் மனோன்மணி, தந்தைக்காகவும் நாட்டுக்காகவும் தலையசைக்கிறாள். திட்டம் போட்டவன் தெம்பாக இருக்கிறான், நம்பியவர்கள் தேய்கிறார்கள். தமிழுக்கு இது புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழியைக் கோவலன் மேல் போட்டவனும் அவனே. ஆனால் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது உயிர் விட்டவன் பாண்டியன் நெடுஞ்செழியன். அதன் பிறகு பொற்கொல்லன் என்ன நினைத்தான் என்று இளங்கோ விசாரிப்பதே இல்லை. செங்கோல் யார் கையிலோ, பிழையின் பாரமும் அவன் நெஞ்சிலேதான் என்பது அந்தக் காப்பியத்தின் கணக்கு. சீவகனும் பாண்டியன்; அவன் அவையிலும் ஒரு பொற்கொல்லன் இருக்கிறான், அமைச்சன் உடையில்.

இங்கே இன்னொரு மறுப்பு வரும், முன்னதைவிட வலுவானது. சீவகன் படுவது மானக்கேடு, குற்றவுணர்வு அல்ல. படை தோற்றதே என்று சாகத் துணிந்தானே தவிர, குடிலனை நம்பினோமே என்று அல்ல. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நெடுஞ்செழியன் தன் தீர்ப்பு பிழை என்று தெரிந்த கணத்தில் சாகிறான். சீவகன் பிழை தெரியாமலே சாகப் பார்க்கிறான். ஆனால் இந்த வேறுபாடுதான் மனோன்மணீயம் துன்பியலின் வாசல்வரை போய்த் திரும்பிவிடுவதற்குக் காரணம். மானம் குற்றவுணர்வாகப் பழுப்பதற்கு முன்பே சுரங்கத்தின் வாய் திறந்துவிடுகிறது. புருடோத்தமன் வெளியே வருகிறான், மனோன்மணியின் மணமாலை அவன் கழுத்தில் விழுகிறது, உண்மையும் துயரும் சேர்ந்தே தீர்ந்துபோகின்றன. பாரம் சரியான தோளைத் தேடிப் போனது; இறங்குவதற்குள் நாடகம் முடிந்துவிட்டது. இது ஆசிரியரின் மென்மை என்றும் சொல்லலாம், அவர் எடுத்துக்கொண்ட ஆங்கிலக் கதையின் கட்டாயம் என்றும் சொல்லலாம். எனக்குக் கொஞ்சம் அவசரமாகவே படுகிறது.

மூன்றாவது மறுப்பு சைவ வாசிப்பிலிருந்து வருவது. சீவகன் சீவன், சுந்தர முனிவர் குரு, குடிலன் உயிரை மறைக்கும் மலம் என்று நாடகத்தை உருவகமாகப் படிக்கும் மரபு பழையது. ஆசிரியர் தம் ஞானகுரு கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் பெயரையே முனிவருக்கு வைத்திருப்பது அதற்குத் துணை. அப்படியானால் உருவகத்துக்கு மனசாட்சி எதற்கு, குடிலனிடம் அதைத் தேடுவதே வீண் என்று சிலர் முடித்துவிடுவார்கள். முடிப்பதற்குப் பதில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சித்தாந்தத்தில் ஆணவ மலம் சடம். அதற்கு அறிவு இல்லை, ஆகவே வருத்தமும் இல்லை. மறைப்பது அதன் தொழில், மறைக்கப்பட்டு நோவது உயிரின் பங்கு. செம்பில் களிம்பு பிடித்தால் மங்குவது செம்புதான்; களிம்புக்கு எந்தக் கவலையும் கிடையாது. காப்பியம் அரசநீதியாகச் சொன்னதையே சித்தாந்தம் உயிரின் இயல்பாகச் சொல்கிறது: செய்வது ஒன்று, சுமப்பது வேறொன்று. குடிலனின் நெஞ்சு வறண்டிருப்பது ஆசிரியரின் கைக்குறை என்ற வாதம் இங்கே வலுவிழக்கிறது. மனிதர்களைத் தட்டையாக வரைபவர் இவ்வளவு நீண்ட தனிமொழிகளை அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். மலத்துக்கு வாய் கொடுத்தால் என்ன பேசும் என்பதை எழுதிப் பார்த்திருக்கிறார்.

பேராசைக்கு எதிர்ப்பக்கத்தில் நாடகம் வைக்கும் பொருள் எதிர்பாராதது: ஒரு மண்புழு. குடிலனால் தூது மறுக்கப்பட்ட அதே நடராசன், வயற்புறத்தில் நின்று நாங்கூழ்ப் புழுவைப் பார்த்துப் பேசும் பகுதி தமிழ் நாடகத்தின் அபூர்வமான பக்கங்களில் ஒன்று. மண்ணை விழுங்கி, நயமாக்கி, உமிழ்ந்து, உழவனுக்கு முன்பே உழுதுவைக்கும் அந்தப் புழு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. புகழ் வேண்டி நிற்பதுமில்லை. மண்புழுக்களைப் பற்றி டார்வின் எழுதிய நூல் 1881-இல் வந்தது. பத்தே ஆண்டுகளில் அந்த அறிவியல் அகவலுக்குள் புகுந்துவிட்டது. கதையோட்டத்துக்கு இந்தப் பேச்சு தேவையில்லை என்று குறைசொல்வோர் குடிலனின் தனிமொழிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. குடிலன், புழு இரண்டின் வேலையும் நிலத்துக்கு அடியில்தான். ஒருவன் சுரங்கத்தில் நடந்து போய் நாட்டை விற்கிறான். மற்றது மண்ணுக்குள் நெளிந்து அதே நாட்டின் நெல்லுக்கு வழி செய்கிறது. நாஞ்சில் நாடு யாருக்கு என்று இரண்டு அரசர்கள் வாளெடுக்கும் கதையில், அந்த மண்ணை மண்ணாகவே மதித்துக் குனிந்து பார்க்கும் இடம் இதுதான்.

 நாடகத்தில் குடிலனின் கடைசித் தோற்றம் விலங்கு பூட்டிய கைகளோடு. காட்டிக்கொடுக்க வந்தவனைப் புருடோத்தமன் அருவருத்துச் சிறைப்பிடித்து, அவன் காட்டிய சுரங்கத்திலேயே அவனை நடத்தி அழைத்து வருகிறான். மாக்பெத்துக்குச் சாகும் முன் தன் வாழ்க்கையே வெறுமை என்று சொல்ல ஒரு நேரம் கிடைக்கிறது. குடிலன் விலங்கோடு மணவறைக்குள் வந்து நிற்கிறான். அங்கே எல்லார் கண்ணும் மாலை மேல் இருக்கிறது.