இரும்புச் செதில் நத்தை

2024 டிசம்பரில் ‘சாகர் நிதி’ கப்பலில் போன நம் விஞ்ஞானிகள், இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றைப் படம்பிடித்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். அதற்கு முன் ஒரு நத்தையைப் பார்த்துவிடுவோம்.

குமரிக் கடற்கரையின் முட்டம் பாறைகளில் முங்கிச் சிப்பி பெயர்ப்பவர்களைக் கேளுங்கள். அலையில் மிதந்து வரும் பாசித் துகள்தான் சிப்பிக்குச் சாப்பாடு. அந்தப் பாசி வெயிலில் வளர்கிறது. சாளையோ நெத்திலியோ, நம் வலையில் விழும் எதற்கும் மூலதனம் வெயில்தான். 1977-ல் கலாபகஸ் தீவுகள் அருகே ‘ஆல்வின்’ ஆய்வு நீர்மூழ்கி வெந்நீர் ஊற்றுக்கு இறங்கும்வரை, கடல் முழுக்க இப்படித்தான் என்று உலகம் நம்பியிருந்தது.

அங்கே கண்ட ராட்சதக் குழாய்ப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. பிறகு எப்படி உயிர் வாழ்கிறது? விடை சொன்னவர் காலீன் காவனா. என் கணக்கில் இந்த வரலாற்றின் நாயகி அவர்தான். 1980-ல் ஹார்வர்டில் முதலாண்டு ஆய்வு மாணவி. பாடம் சொல்ல வந்த மெரிடித் ஜோன்ஸ், புழுவின் உடம்புக்குள் கந்தகப் படிகங்கள் இருப்பதாகச் சொன்ன மாத்திரத்தில் காவனா எழுந்து, உள்ளே பாக்டீரியா குடியிருக்க வேண்டும் என்றார். மறு ஆண்டே ஆதாரத்தோடு எழுதினார். ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து சக்தி எடுத்து, இருட்டிலேயே உணவு ஆக்குகிறது அந்த பாக்டீரியா. புழு அதற்கு வீடு.

நம் கடலில் இந்த வித்தையைச் செய்கிறது இரும்புச் செதில் நத்தை. மொரீஷியஸுக்குத் தென்கிழக்கே, 2,400 மீட்டர் ஆழத்தில், ‘கைரேய்’ ஊற்றில் 2001-ல் கிடைத்தது. பாக்டீரியா குடியிருப்பது அதன் உணவுக்குழாய்ச் சுரப்பியில். ஊற்றின் வாயில் நீர் 300 டிகிரிக்கும் மேல். மேலிருந்து அழுத்தும் கடலின் பாரத்தால் அது கொதிப்பதில்லை. நத்தை அதற்குள் போகாது. சூடும் குளிரும் கலக்கும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சிவந்த பாதம் முழுக்க, ஓடு வேய்ந்த கூரையாகக் கறுப்புச் செதில்கள். இரும்பு சல்ஃபைடு! காந்தம் வைத்தால் ஒட்டும். போர்க்கவசம் என்று பலரும் எழுதினார்கள். 2019-ல் வந்த ஆய்வு வேறு சொன்னது: உடம்பில் சேரும் நச்சான கந்தகத்தை நத்தை செதில் வழியாக வெளியேற்றுகிறது, ஊற்றுநீரின் இரும்பு அங்கே வந்து அதோடு சேர்கிறது. இரும்பு குறைந்த ‘சாலிடேர்’ ஊற்றில் இதே நத்தை வெள்ளையாக இருக்கிறது. நச்சைக் கழிக்கும் வேலையே கவசமாகத் தெரிந்திருக்கிறது. இதைவிடப் பெரிய வீரக் கதை எனக்குத் தெரியாது.

வில்லன் மனிதன்தான். ஊற்றைச் சுற்றிப் படியும் செம்பு, துத்தநாகத்துக்காகக் கடலடியைத் தோண்டப் பார்க்கிறார்கள். ஆழ்கடல் சுரங்கத்தால் அழியும் ஆபத்தில் உள்ளதாக 2019-ல் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் ஏறிய முதல் உயிர் இந்த நத்தை. நம் நாடும் 2016-ல் இந்தியப் பெருங்கடலின் மலைத்தொடர்களில் 10,000 சதுர கிலோமீட்டரில் கனிமம் தேட ஒப்பந்தம் போட்டிருக்கிறது.

சாகர் நிதி அடுத்த வாரம். அதற்குள், பக்கத்து மணவாளக்குறிச்சியில் கனிம மணல் அள்ளுவதைத் தலைமுறையாகப் பார்த்துவரும் முட்டத்துக்காரர்கள் ஒரு கோரிக்கையை முன்வைக்க வேண்டும்: உயிர் வாழும் ஊற்றை எந்த நாடும் தோண்டக் கூடாது.